கத்தி பட்டது உடம்புக்குத் தெரியாமல்

நிவேதாவின் போன் வந்தபோது கீரனூர் பஸ் நிறுத்தத்தில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த பெண். இப்போது புதுக்கோட்டையில் அவளே பெரிய மயக்க மருத்துவர். "மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றாள். ஆபரேஷன் தியேட்டர்காரர்களின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா என்ன? வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மயக்க மருத்துவர்களின் கூட்டம் ஒன்று நடக்கப் போகிறதாம். புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது வலியை எப்படி அடக்குகிறோம் என்பதற்கும், பின்னால் அந்த நோய் திரும்பி வருவதற்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் விஷயம்.

"நீங்களும் சவரிமுத்து சாரும் அந்தக் காலத்துலயே மார்புப் புத்துக்கு முதுகுல ஊசி போட்டு, ஆள் முழிச்சிருக்கும்போதே ஆபரேஷன் பண்ணுவீங்களாமே மேடம்? இப்ப எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுறாங்க. எதை மனசுல வச்சு அப்படிப் பண்ணீங்க? வந்து கொஞ்ச நேரம் பேசுங்க."

"எதை வச்சா? மார்ஃபின் இல்லைங்கிறதை வச்சுத்தான்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெய்த்தூன் ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஞாபகம் வந்தால் கூடவே சார் ஞாபகமும் வரும். அன்றைக்குத் திருச்சிக்கும் போகவில்லை, வீட்டுக்குப் போய்ச் சோறும் ஆக்கவில்லை.

மயக்க டாக்டர் பிழைப்பு ஒரு மாதிரியான பிழைப்பு. பிழைத்து எழுந்தவர்கள் சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருந்தால் நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். என் மாமியாருக்கே, கண்ணை மூடும் வரை, நான் சர்ஜனுக்கு ஊசி எடுத்துக் கொடுக்கிறவள் என்றுதான் நினைப்பு. மதுரையில் படிப்பு, மயக்கவியலில் டிப்ளமா, கல்யாணம், பிள்ளைகள், ஊர் ஊராக மாற்றல். இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம், சொல்லிவிட்டேன். என் உத்தியோகம் உத்தியோகமாக ஆனது, எங்கள் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றலாகி வந்து அங்கே மூத்த மயக்க டாக்டராக இருந்த சவரிமுத்து சாரிடம் சேர்ந்த பிறகுதான்.

சார் ஆவூர்க்காரர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, எந்த அவசரத்திலும் ஏறாத குரல். நோயாளியிடம் நின்றுகொண்டு பேசமாட்டார். வார்டில் எங்கே போனாலும் ஒரு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, கட்டிலில் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராக உட்காருவார். பெண்கள் எல்லாரும் அவருக்கு ஆத்தா, சின்னப் பெண்ணாக இருந்தாலும் ஆத்தாதான். முதுகைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். சர்ஜன்கள் பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சார் இன்னொரு தடவை தேய்ப்பார்.

நான் சேர்ந்த புதிதில் வார்டில் ஒருவரைப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். சார் என்னை வெளியே கூட்டிவந்தார்.

"அப்படிக் கேக்காதீங்க டாக்டர். நம்ம சனத்துக்கிட்ட அதைக் கேட்டா 'இல்லைங்க'ன்னுதான் வரும். 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா பட்டினியாக் கெடக்குறவனும் 'ஆச்சுங்க'ன்னு சொல்றான்ல, அது மாதிரி. அது பதில் இல்ல. நமக்குக் குடுக்குற மரியாதை."

"அப்ப எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?"

"எதையாச்சும் செய்யச் சொல்லிப் பாருங்க."

அன்றைக்கே காட்டினார். குடுமியான்மலைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர், வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். வலி இல்லவே இல்லைங்க என்று எங்களுக்குக் கும்பிடு போட்டார். சார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழை, கிணறு, மாடு என்று பேசிக்கொண்டே போய், "மேய்ச்சல்ல இருக்குற மாட்டை எப்படிக் கூப்பிடுவீங்க? கூப்பிடுங்க கேப்போம்" என்றார். மனிதர் உற்சாகமாக வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் கோணிவிட்டது. சார் மருந்து போட்டுவிட்டுக் காத்திருந்தார். சாயங்காலம் அந்த மனிதர் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வார்டு நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். பெண்களுக்கு என்றால் கொண்டையை அவிழ்த்து முடியச் சொல்வார். முடிகிற கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். அவருக்கு அதுதான் வலிமானி.

வலி வந்த பிறகு மருந்து தேடுவது அவருக்குப் பிடிக்காது. "வீடு பத்தி எரியுறப்ப கெணறு வெட்டுற கதை" என்பார். அந்தக் காலத்தில், கடும் வலியை அடக்குகிற மார்ஃபினை வாங்கி வைப்பதற்கு இருந்த கெடுபிடியில் எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிகளில் அது கண்ணில் படாது. முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் முடித்தால், கண் விழித்ததும் வலி காத்துக்கொண்டிருக்கும். இருக்கிற ஒன்றிரண்டு ஊசியைப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொள்ளம்மா என்பதுதான் வைத்தியம். அதனால்தான் சார் முதுகெலும்பு வழியாக மரத்துப்போகிற மருந்தைச் செலுத்தி, அங்கேயே மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைக்கும் முறையைப் பிடித்துக்கொண்டார். மார்பு மட்டத்தில் அதைச் செய்வதற்குப் பலரும் பயப்படுவார்கள். சாருக்கும் பயம் இருந்தது. பயம் இருக்கிறவன்தான் அந்த ஊசியைத் தொடணும் என்று சொல்வார்.

ஜெய்த்தூன் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தவள். நாற்பதைத் தொடாத வயது. கணவர் சவுதியில். கூட வந்தது மாமியார் மட்டும். மார்பில் கட்டி. சோதனையில் புற்று என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவள் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.

"கத்தி பட்டாப் பரவிரும்" என்றாள். வேறு பேச்சே இல்லை.

இது எங்கள் பக்கத்தில் புதிதாகக் கேட்கிற பேச்சல்ல. எத்தனையோ பேர் இதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய், கட்டி வெடித்த பிறகு வந்திருக்கிறார்கள். சர்ஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்டி எடுக்காமத்தாம்மா பரவும். யாரோ தெருவுல சொன்னதைக் கேட்டு உசிரை விடப் போறியா?" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கத்தியதில் தப்பு இல்லை. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் சரியானதைக் கத்திச் சொன்னால் யார் காதில் ஏறும்?

சார் முக்காலியை இழுத்தார்.

"யாருக்குப் பரவுனதைப் பாத்தீங்க ஆத்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை போல.

"எங்க ராத்தாவுக்குங்க. கூடப் பொறந்த அக்கா. இதே எடத்துலதான் கட்டி. வெளியூர்ல ஆபரேஷன் பண்ணாக. வீட்டுக்கு வந்து ஒரு பெருநா பாத்தா. மறு பெருநாளைக்கு இல்ல. கத்தி படாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா."

"ஆபரேஷன் முடிஞ்சு வலி எப்படி இருந்துச்சு அவங்களுக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க. தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. கேட்டா மட்டும் இல்லம்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் மக பத்தாவது படிக்குதுங்க. அவுக அத்தா வருசத்துக்கு ஒரு தடவை வாராக. நான் கொஞ்ச நாளாச்சும் இருக்கணும். பிள்ளையை ஒரு கரை சேத்துட்டுப் போயிடுறேன். அதுக்குத்தான் வேணாங்குறேன், பயந்துக்கிட்டு இல்ல."

சார் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பிறகு சொன்னதை நான் இன்று வரை மறக்கவில்லை.

"கத்தி படாம அதை எடுக்க எனக்குத் தெரியாது ஆத்தா. ஆனா கத்தி பட்டது ஒங்க ஒடம்புக்குத் தெரியாம நான் பாத்துக்கிறேன். அது போதுமா?"

"தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "பெரிய டாக்டரு சொல்றாகள்ல, போடும்மா" என்றார். ஜெய்த்தூன் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நான் சண்டைக்குப் போனேன். "என்ன சார் இது, படிச்சவுக பேசுற பேச்சா? கத்தி பட்டாப் பரவும்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சே!"

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? வலி வந்தா சர்க்கரை ஏறுது, பிரஷர் ஏறுது, புண்ணு ஆற மாட்டேங்குது. ஒடம்பே நடுங்குது. அந்த நேரத்துல புத்து மட்டும் சும்மா பாத்துக்கிட்டு இருக்குமா, இல்ல அதுவும் ஏதாச்சும் பண்ணுமா? எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

தெரியாது. அன்றைக்கு எந்தப் பாடத்திலும் நான் அதைப் படித்திருக்கவில்லை. "அதுக்காக வாக்குக் குடுப்பீங்களா?" என்றேன். "குடுத்தாச்சே" என்று சிரித்தார்.

ஆபரேஷன் நாளன்று ஜெய்த்தூனை மேசை விளிம்பில் உட்கார வைத்து, தலையணை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னோம். நான் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். சார் கையைத் தேய்த்தார். கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு இறங்கினார். ஓரிடத்தில் நின்றார். தோலை மரக்கச் செய்துவிட்டு, பெரிய ஊசியை வைத்துக் கண்ணாடி ஊசிக்குழலை மாட்டினார். அதன் தண்டில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே ஊசியை மயிரிழை மயிரிழையாக உள்ளே நகர்த்த வேண்டும். தசைநார்களுக்குள் இருக்கும்வரை தண்டு அசையாது, கல் மாதிரி எதிர்த்து நிற்கும். சரியான இடம் வந்ததும் அந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போகும். அதற்கு அடுத்த நூலிழையில் தண்டுவடத்தின் உறை இருக்கிறது. அங்கே நிற்கத் தெரிய வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் எங்கள் படிப்பு முழுவதும்.

ஓய்வுபெற்ற பிறகு நான் தேடுகிறதும் அதைத்தான். பென்ஷன் வருகிறது, பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், கால் வலி வருகிறது, எல்லாம் வருகிறது. அந்த எதிர்ப்பு விலகுகிற நொடி மட்டும் வருவதில்லை. சில சமயம் ஷாம்பூப் புட்டியை அழுத்தும்போது பெருவிரல் அதற்காகக் காத்திருக்கிறது. சொன்னால் என் பெண் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

குழாயை விட்டு, ஒட்டி, படுக்க வைத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினோம். ஈரப் பஞ்சால் தொட்டு, எதுவரை குளிர்ச்சி தெரியவில்லை என்று பார்த்தோம். மார்பு முழுக்க மரத்திருந்தது, கால்கள் மரக்கவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரை கட்டினோம். லேசான ஒரு மருந்து மட்டும் கொடுத்தோம், பேசுகிற தெளிவு இருந்தது. என்னைத் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கச் சொன்னார் சார். நான் சும்மாவே பேசுகிறவள். மீன் குழம்பில் ஆரம்பித்தேன். நான் புளி விடுகிற அளவைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது மீன் கொழம்பு இல்லம்மா, ரசம்" என்றாள். அந்தப் பக்கம் சர்ஜன் வெட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியவே இல்லை.

பிறகு அக்குளுக்கு வந்தார்கள். அங்கே இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். நான் பேசிக்கொண்டே போகிறேன், அவள் பதில் குறைந்துகொண்டே வந்தது. 'ம்' என்றாள். பிறகு அதுவும் இல்லை. களைப்பு என்று நினைத்தேன். சார் எழுந்துவிட்டார். அந்த ஊசி போட்டால் நாடி பொதுவாக இறங்கித்தான் நிற்கும். அது ஏறிக்கொண்டிருந்தது. சார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையின் மறுகோடிக்குப் போய்க் கால்மாட்டுத் துணியைத் தூக்கினார். அவளுடைய கால் விரல்கள் பத்தும் உள்பக்கமாகச் சுருண்டு இறுகியிருந்தன.

"நிறுத்துங்க" என்றார்.

சர்ஜன் நிமிர்ந்தார். "பேஷண்ட் ஒண்ணும் சொல்லலையே?"

"கால் சொல்லுது. கையை எடுங்க சார்."

தலைமாட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஜெய்த்தூனின் மேலுதட்டில் வேர்வை கோத்து நின்றது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

"ஆத்தா, கையடியில தெரியுதுல்ல?"

"இல்லைங்க."

"தெரியுது. எங்கிட்டச் சொல்லலாம்."

அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. உதட்டை அசைக்காமல், மூச்சுக் காற்றாகச் சொன்னாள்.

"சத்தமாச் சொன்னா அதுக்குத் தெரிஞ்சுராதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. சாருக்குப் புரிந்துவிட்டது. கத்தி பட்டது உடம்புக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னாரல்லவா? அந்த வாக்கில் பாதி தன் பொறுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். தான் வாய்விட்டுச் சொன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும், உடம்புக்குத் தெரிந்தால் பரவிவிடும். மகளுக்காக, மரத்துப்போகாத அக்குளில் கத்தியை வாங்கிக்கொண்டு, கால் விரலை மட்டும் மடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அட என் தாயே!

சாரின் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் குரல் அப்படியேதான் இருந்தது.

"ஆத்தா, அதுக்குக் காது இல்ல. எனக்குத்தான் காது இருக்கு. நீங்க எங்கிட்டச் சொன்னாத்தான் நான் அதுக்குத் தெரியாம மறைக்க முடியும்."

அவள் யோசித்தாள். பிறகு, "வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குதுங்க" என்றாள். சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

முதுகில் போட்ட மருந்து அக்குளின் உள்மடிப்பு வரை சரியாக எட்டுவதில்லை. அங்கே போகிற நரம்புக்கு வேறு வழி. சர்ஜனே மரப்பு மருந்தை வாங்கி அக்குளைச் சுற்றிப் போட்டார். கோபக்கார மனிதர், ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் "அம்மா, இப்ப?" என்று திரைக்கு மேலே எட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினார். கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்ததை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் குழாய் இருந்த நாட்களில், வலி எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே நானும் சாரும் முறைபோட்டு மருந்து செலுத்தினோம். மறுநாள் காலையில் சார் முக்காலியில் உட்கார்ந்து, "முக்காட்டை ரெண்டு கையாலயும் இழுத்துப் போடுங்க ஆத்தா" என்றார். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை தோள் வரைதான் வந்தது. அதற்கு மறுநாள் காது வரை வந்தது. வீட்டுக்குப் போகிற அன்று இரண்டு கைக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். கதிர்வீச்சுக்கும் மற்ற மருந்துகளுக்கும் தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தோம். எங்களிடம் இரண்டொரு தடவை வந்தாள். அப்புறம் வரவில்லை.

இருக்கிறவர்களும் வருவதில்லை, போய்விட்டவர்களும் வருவதில்லை. எங்கள் தொழிலில் அதைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. கடற்கரைப் பக்கத்து நோயாளி யார் வந்தாலும் சார், "கோட்டைப்பட்டினமா? அங்கே ஜெய்த்தூன்னு..." என்று ஆரம்பிப்பார். "எந்த ஜெய்த்தூன் சார்? எங்க தெருவுலயே நாலு ஜெய்த்தூன்" என்பார்கள். நான் சொல்வேன், "ஒரு ஞாயித்துக்கெழமை பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமே சார்?"

"வேணாம் டாக்டர். தெரியாத வரைக்கும் அவ இருக்கா."

ஆசையும் பயமும் ஒரே மனிதருக்குள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஓய்வுபெற்று ஆவூருக்குப் போன பிறகும் போனில் வைக்கும் கடைசிக் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "அந்தப் பக்கத்து ஆளு யாராச்சும் வந்தாங்களா?"

பிறகு அவருக்கே புற்று வந்தது. வயிற்றில். கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது. ஊரடங்குக் காலம், பஸ் கிடையாது, எனக்கும் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாத நிலை. போனில்தான் பேசினேன். குரல் மெலிந்திருந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வழி திறந்த பிறகு ஆவூருக்குப் போனேன். கல்லறையில் மாலை காய்ந்து கிடந்தது. அவர் மகள் சொன்னாள்: "கடைசி வரைக்கும் அப்பா வலி இல்லம்மா, வலி இல்லம்மான்னுதான் சொன்னாங்க, ஆன்ட்டி." நல்லவேளை என்று நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

நிவேதா அனுப்பியதையெல்லாம் ஒரு வாரமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சார் அன்றைக்குக் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கட்டியை எடுக்கும்போது சில செல்கள் தப்பி ஓடலாம். அவற்றைப் பிடித்துத் தின்ன உடம்பில் காவல்காரச் செல்கள் உண்டு. வலியும் அதிர்ச்சியும் சுரக்க வைக்கிற ரசாயனங்கள் அந்தக் காவலைத் தளர்த்திவிடுகின்றன. வலிச் செய்தியே போகாமல் நரம்பிலேயே மறித்துவிட்டால் காவல் தளராமல் இருக்குமோ என்பது எண்ணம். பல நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று, முதுகு வழி மருந்தினால் மார்புப் புற்று திரும்பி வருவதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்கிறது. நம் நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று, வெட்டுவதற்கு முன்னால் கட்டியைச் சுற்றி மரப்பு மருந்து போட்டதில் பலன் தெரிந்தது என்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரிடம் போய் நிபந்தனை போடவேண்டாம். கத்தி பட்டால் பரவும் என்று வீட்டில் உட்கார்ந்தால் கட்டாயம் பரவும், அதில் மட்டும் சந்தேகமே கிடையாது.

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்குச் சாரோடு சண்டை போட வேண்டும்போல் இருந்தது. "பாத்தீங்களா, வித்தியாசம் இல்லையாம்" என்று ஒரு நாள். "பாத்தீங்களா, இருக்காம்" என்று இன்னொரு நாள். யாரிடம் போய்ச் சொல்ல? மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரிடம் ஜெய்த்தூன் வீடு என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது.

"எந்த ஜெய்த்தூன்மா? தையக்கார ஜெய்த்தூனா, ஐஸ் கம்பெனி வீட்டு ஜெய்த்தூனா, ஆபரேஷன் ஜெய்த்தூனா?"

"ஆபரேஷன் ஜெய்த்தூன்... இருக்காங்களா?"

"இருக்காகளாவா? எங்க தெருப் பஞ்சாயத்தே அவுக கையிலதான் இருக்கு. ஏறுங்க."

கதவைத் திறந்தது அவர்தான். உடம்பு பெருத்து, கண்ணாடி போட்டு, முன்முடி நரைத்து. இனி அவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைத் தெரியாமல் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பேன்.

"அல்லா! தலமாட்டுல ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்தவுக நீங்கதானே? மீன் கொழம்பை ரசமா வைக்கிறவுக!"

என் உத்தியோக காலத்தில் என்னை ஞாபகம் வைத்திருந்த ஒரே நோயாளி. என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தார். மகள் டீச்சராகித் திருச்சியில் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள், கணவர் சவுதியை முடித்துக்கொண்டு வந்துவிட்டார், மாமியார் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நானும் சாரின் பாடத்தை மறந்து, "கை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"வலிக்காமயா? மழை பேஞ்சா கை வீங்கிக்கிருது. முழங்கால் ரெண்டும் போச்சு. இடுப்புல ஒரு பிடிப்பு. எல்லா டாக்டர்கிட்டயும் சொல்லித் தீத்துருவேன்மா. சொல்லணும்னு அவுகதானே சொன்னாக." சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார், சார் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்பது மாதிரி. "பெரிய டாக்டரு வரலையா?"

சொன்னேன். சாருக்கு வந்த நோயையும் சொன்னேன். ஜெய்த்தூன் கேட்டார்:

"வலி இல்லாமப் போனாகளா?"

"கேட்டப்பல்லாம் இல்லைன்னுதான் சொன்னாங்களாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப இருந்திருக்கும்" என்றார்.

அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். ஆவூரில் நான் அழவில்லை. சாரின் மகளுக்கு நல்லவேளை என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவள் நான். அந்த 'இல்லை' ஒரு பதிலே இல்லை என்று சாரே சொல்லிக் கொடுத்திருந்தும், அதை நம்பிக்கொள்ளத்தான் எனக்கு ஆசையாக இருந்திருக்கிறது. ஜெய்த்தூன் என்னைத் தேற்றவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நிவேதா, ஒருத்தி பிழைத்திருப்பது ஆதாரம் ஆகாது. ஊசியால் பிழைத்தாரா, தஞ்சாவூர் மருந்தால் பிழைத்தாரா, எதுவும் இல்லாமலே பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. கூட்டத்தில் வந்து அதைத்தான் சொல்வேன்.

நான் கிளம்பும்போது ஜெய்த்தூன், இருங்க, அவுகளுக்கு ஒரு துஆ ஓதிக்கிறேன் என்றார். நழுவியிருந்த முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டார். இரண்டு கையும் ஒரே உயரத்துக்குப் போயின. சார் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.